அக்லீஸ் நாவல்ல அடையாளம் மாறிக்கிட்டே இருக்கற பாத்திரங்களை அலசி எழுதுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கறவங்க செமினாருக்கோ ப்ராஜெக்ட்டுக்கோ ஒரு யங் அடல்ட் சயின்ஸ் ஃபிக்ஷன் நாவலை எடுத்தா பெரும்பாலும் தலைப்பு "அடையாளம்"னுதான் வந்து நிக்கும். எழுதி முடிச்சதை வாங்கிப் பாத்தா முக்கால்வாசி கதைச்சுருக்கமா இருக்கும், மிச்சம் இருக்கறதுல நாயகி கடைசியில தன்னைக் கண்டுபிடிச்சுட்டான்னு ஒரு முடிவு இருக்கும். அந்த இடத்துல போய் மாட்டாம இருக்கறதுக்குத்தான் இந்த வழிகாட்டி.

உதாரணத்துக்கு ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் எழுதி 2005ல வந்த அக்லீஸ் நாவலை எடுத்துக்கறேன். 16 வயசு ஆனதும் எல்லாருக்கும் ஆபரேஷன் பண்ணி ஒரே மாதிரி அழகா மாத்திடற ஒரு எதிர்கால நகரம், அந்த ஆபரேஷனுக்காக நாள் எண்ணிக்கிட்டு இருக்கற டேலி யங்பிளட்னு ஒரு பொண்ணு, இதுதான் கதை. அடையாள மாற்றம் இதுல கண்ணுக்கே தெரியற மாதிரி உடம்புல நடக்குது, அதனாலதான் புதுசா எழுதறவங்க இந்த நாவல்லதான் ரொம்ப சறுக்குறாங்க. கதை முழுசும் கீழ வரும், முடிவு உட்பட, அதனால இன்னும் படிக்காதவங்க படிச்சுட்டு வாங்க.

## 1. உக்காருறதுக்கு முன்னாடி கையில என்னென்ன இருக்கணும்

புத்தகம் கையில இருக்கணும். 2024ல நெட்ஃபிளிக்ஸ்ல படமா வந்துச்சு, அதைப் பாத்துட்டு எழுத உக்காராதீங்க. டேலி மனசுக்குள்ள ஓடற ஓட்டம்தான் நமக்குத் தேவைப்படற சரக்கு, அது நாவலோட வரிகள்லதான் கிடைக்கும்.

எத்தனை புத்தகம்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. அக்லீஸுக்கு அப்புறம் ப்ரிட்டீஸ் (2005), ஸ்பெஷல்ஸ் (2006) ரெண்டும் டேலியோட கதையே, எக்ஸ்ட்ராஸ் (2007) ஆயா ஃபியூஸ்னு வேற ஒரு பொண்ணோட கதை. சின்னக் கட்டுரைன்னா முதல் புத்தகம் போதும், ப்ராஜெக்ட்னா முதல் மூணையும் எடுக்கலாம். பாதி வழியில "சரி அடுத்த பாகத்தையும் சேத்துக்குவோம்"னு ஆரம்பிக்கறவங்க கட்டுரை எங்க போகுதுன்னே தெரியாம போயிடுது, ஏன்னா அடுத்த பாகம் முதல் பாகத்துக்கு நீங்க சொன்ன பதிலையே கலைச்சுப் போட்டுடும் (எப்படின்னு 8ஆவது படியில சொல்றேன்).

ஒரு நோட்டு, ரெண்டு கலர் பேனா. குறிப்பு எடுக்கும்போது பக்க எண்ணோட பகுதி, அத்தியாயம் ரெண்டையும் சேத்து எழுதிக்கோங்க, ஏன்னா நீங்க படிச்ச பதிப்பும் கைடு வச்சிருக்கற பதிப்பும் வேறயா இருந்தா பக்க எண்ணை வச்சு யாராலயும் தேட முடியாது.

தியரி புத்தகம் எதையும் இப்போ எடுக்காதீங்க. அது 9ஆவது படி.

## 2. முதல் வாசிப்புல முடிவுகளை மட்டும் குறிச்சுக்கோங்க

"அடையாளம்"னு தேடிக்கிட்டே படிச்சா எல்லா பக்கத்துலயும் அடையாளம்தான் தெரியும், கோடு போட்டுப் போட்டு புத்தகமே மஞ்சளாயிடும், எழுதும்போது எதை எடுக்கறதுன்னு புரியாது. அதனால முதல் தடவை படிக்கும்போது ஒண்ணே ஒண்ணை மட்டும் தேடுங்க: டேலி எங்கெல்லாம் ஒரு முடிவு எடுக்கறா.

நோட்டுல நாலு கட்டம் போட்டுக்கோங்க. என்ன செஞ்சா, யார் கேட்டு செஞ்சா, அப்போ எதை மறைச்சா, அதனால எது கைவிட்டுப் போச்சு. மூணாவது கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, இந்த நாவலுக்கு அதுதான் ரொம்ப முக்கியமான கட்டம்.

கிட்டத்தட்ட இந்த வரிசையில உங்க பட்டியல் வரும். ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி அழகனாயிட்ட பழைய ஃப்ரெண்ட் பெரிஸைப் பாக்க, பன்றி முகமூடி போட்டுக்கிட்டு ஆத்தைத் தாண்டி பார்ட்டிக்குள்ள நுழையறா. இனிமே வம்பு தும்புக்குப் போகமாட்டேன்னு அவன்கிட்ட சத்தியம் பண்றா. ஆபரேஷன் வேண்டாம்னு ஊரை விட்டு ஸ்மோக்குங்கற காட்டு முகாமுக்கு ஓடப்போற புது ஃப்ரெண்ட் ஷே கூப்பிடும்போது வரமாட்டேங்கறா, ஆனா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுக்கறா. நகரத்தோட ரகசியப் படையான ஸ்பெஷல்ஸோட தலைவி டாக்டர் கேபிள் "ஷேயைக் காட்டிக் குடு, இல்லன்னா காலம் பூரா அசிங்கமாவே இரு"ன்னு மிரட்டும்போது முதல்ல மறுத்துடறா, பெரிஸ் வந்து பேசின அப்புறம் ஒத்துக்கறா. ஸ்மோக்குக்குப் போனதும், இடத்தைக் காட்டிக்குடுக்க கேபிள் குடுத்த பதக்கத்தை இயக்காம தள்ளிப் போடறா. அங்க பழகற டேவிட்கிட்ட உண்மையைச் சொல்லாம இருக்கறா. பதக்கத்தை நெருப்புல போடறா. பிடிபட்டவங்களை மீட்க நகரத்துக்குத் திரும்பறா. கடைசியில தானே போய் ஆபரேஷனுக்குத் தன்னை ஒப்படைக்கறா.

இதை எழுதி முடிச்சதும் ஒண்ணு பளிச்சுனு தெரியும். முதல் புத்தகம் டேலி ஆபரேஷனுக்குத் தன்னை ஒப்படைக்கற இடத்தோட முடிஞ்சிடுது, கத்தி அவ மேல படவே இல்ல. அதாவது உடம்பு கொஞ்சம்கூட மாறாமயே அவ முழுசா வேற ஆளாகி நிக்கறா. இதை கவனிக்காம "ஆபரேஷனுக்கு முன்/பின்"னு கட்டுரையை ரெண்டாப் பிரிக்கறவங்க நிறைய பேர், இல்லாத பின்பாதிக்கு பக்கத்தை ஒதுக்கிட்டு அப்புறம் திண்டாடுவாங்க.

## 3. ரெண்டாவது கட்டத்தை மறுபடி நிரப்புங்க: பிடி யார் கையில

முதல் தடவை நிரப்பும்போது "டேலியே முடிவு பண்ணா"ன்னுதான் எழுதியிருப்பீங்க. இப்போ ஒவ்வொண்ணா எடுத்து அந்த நேரத்துல பிடி யார் கையில இருந்துச்சுன்னு பாருங்க.

கேபிளோட மிரட்டலை எடுத்துக்கோங்க. அந்த அம்மா அடிக்கல, ஜெயில்ல போடல, டேலி எந்த முகத்துக்காக இத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தாளோ அந்த முகத்தை மட்டும் தடுத்து வைக்கறாங்க. அப்போகூட டேலி ஷேவுக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தறா, உடையறது பெரிஸ் வந்த அப்புறம்தான். மிரட்டலை விட பழைய ஃப்ரெண்டுக்குக் குடுத்த சத்தியம் அவளை அதிகமா அசைச்சிருக்கு. இந்த இடத்தை "அரசாங்கம் அவளைக் கட்டாயப்படுத்தியது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்கன்னா நாவல் கையில வச்சுக்குடுத்த நுணுக்கத்தையே தூக்கிப் போட்ட மாதிரி.

இந்தப் படியை ஏன் தனியா வைக்கறேன்னா, ஆரம்பத்துல இருக்கற முடிவுகள்ல பிடி வேற யாராவது கையில இருக்கும், பின்னாடி வர வர அது டேலி கைக்கு நகரும், அந்த நகர்வுதான் நீங்க எழுதப்போற கட்டுரையோட முதுகெலும்பு. அது நோட்டுல கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் அடுத்த படிக்குப் போங்க.

## 4. யார் யாரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு தனியா எடுங்க

ரெண்டாவது வாசிப்பு இங்க ஆரம்பிக்குது. வேற கலர் பேனா எடுத்துக்கோங்க.

அக்லிகளோட, அதாவது இன்னும் ஆபரேஷன் ஆகாதவங்களோட விடுதியில ஒவ்வொருத்தருக்கும் உடம்புல இருக்கற ஒரு குறையை வச்சுத்தான் பட்டப்பேர். கண்ணு சின்னதா இருக்கறதால டேலி ஸ்க்விண்ட், மூக்கை வச்சு பெரிஸ் நோஸ், ஒல்லியா இருக்கறதால ஷே ஸ்கின்னி. அதைச் சொல்றவங்களுக்கும் கேக்கறவங்களுக்கும் அது திட்டாவே தெரியல, அவ்ளோ பழகிப் போயிருக்கு. எப்படியும் 16 வயசுல அந்தக் குறை போயிடும்னு நம்பறதால அந்தப் பேரும் தற்காலிகம்தான்.

ப்ரிட்டீஸ்ல இதே ஆளுங்க டேலி-வா, ஷே-லான்னு ஒட்டு போட்டுக் கொஞ்சிக் கூப்பிட்டுக்கறாங்க, நல்லது எல்லாம் பபிளி, பிடிக்காதது எல்லாம் போகஸ். ஸ்பெஷல்ஸ்ல ஐஸின்னு ஒரு வார்த்தை வந்து உக்காந்துக்குது, சாதாரண ஜனங்க எல்லாம் ராண்டம். கூட்டம் மாற மாற வாயில வர்ற வார்த்தை மாறுது, வார்த்தை குறையக் குறைய யோசிக்கற எல்லையும் சுருங்குது. மூணு புத்தகத்தையும் எடுத்தவங்களுக்கு இது ஒரு முழு அத்தியாயத்துக்கான விஷயம், ஒரு புத்தகம் எடுத்தவங்களுக்கு ஒரு பத்தி போதும்.

இங்க வர்ற பொதுவான தப்பு, வார்த்தைகளைப் பட்டியல் போட்டுட்டு அதோட விட்டுடறது. பட்டியல் முக்கியமில்ல. ஒரு பாத்திரம் தன் கூட்டத்தோட வார்த்தையை எங்க சொல்லாம நிறுத்துதுன்னு தேடுங்க, மாற்றம் அங்கதான் முதல்ல எட்டிப் பாக்கும்.

## 5. வர்ணனையைப் பிடிங்க: கதைசொல்லியோட கண்ணு யாரோடது

நாவல் படர்க்கையில சொல்லப்பட்டாலும் கேமரா டேலியோட தோள் மேலயே உக்காந்திருக்கு. அவளுக்கு அசிங்கமாத் தெரியறது நமக்கும் அசிங்கமா வர்ணிக்கப்படும். இதைப் புரிஞ்சுக்காதவங்க "ஆசிரியர் வயசானவங்களைக் கேவலமா எழுதியிருக்கார்"னு எழுதிடறாங்க.

ஸ்மோக்குக்கு டேலி முதல் தடவை போற பக்கங்களை எடுத்து வச்சுக்கோங்க. ஆபரேஷன் பண்ணாம வயசான முகங்களை அவ வாழ்க்கையில அப்போதான் நேர்ல பாக்கறா, சுருக்கமும் கோணல் பல்லும் அவளுக்கு நோய் மாதிரி படுது. மரத்தை வெட்டறதைப் பாத்து அதிர்ந்து போறா. நூலகத்தைப் பாத்துக்கற பாஸ்ங்கற ஆளு பாதுகாத்து வச்சிருக்கற பழைய பத்திரிகைகள்ல நம்ம காலத்து மாடல்களோட படத்தைப் பாக்கும்போது, இவ்ளோ எலும்பா இருக்கற பொண்ணை ஏன் அழகுன்னு அச்சடிச்சாங்கன்னு அவளுக்குப் பிடிபடவே இல்ல.

அப்புறம் சில அத்தியாயம் தள்ளி அதே ஜனங்களை எப்படி வர்ணிச்சிருக்குன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க. அவங்க முகம் அப்படியேதான் இருக்கு, பாக்கற கண்ணு மாறிடுச்சு. ரெண்டு வர்ணனையையும் நோட்டுல எதிரெதிர் பக்கத்துல எழுதி வச்சீங்கன்னா "டேலியோட பார்வை மாறியது"ன்னு நீங்க சொல்லவே வேண்டாம், ஆதாரமே பேசும்.

உள்ளங்கைத் தழும்பு ஒண்ணு வரும், அதையும் விடாதீங்க. டேலியும் பெரிஸும் நட்புக்கு அடையாளமா கையைக் கீறி வச்சுக்கிட்டவங்க. பார்ட்டியில அவனைப் பாக்கும்போது டேலி கையில தழும்பு இருக்கு, அவன் கையில இல்ல, ஆபரேஷன்ல தோலோட சேத்து எடுத்துட்டாங்க. நினைவு அவனுக்கு இருக்கு, தழும்பு போயிடுச்சு, போனதைப் பத்தி அவனுக்குக் கவலையும் இல்ல. அடையாளத்துல எவ்ளோ உடம்புல இருக்கு, எவ்ளோ நினைவுல இருக்குங்கற கேள்வியை நாவல் ரொம்ப ஆரம்பத்துலயே இந்த ஒரு கையை வச்சு எழுப்பிடுது. எனக்கு மொத்தப் புத்தகத்துலயும் மறக்க முடியாத இடங்கள்ல இது ஒண்ணு.

## 6. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து கடைசி வரைக்கும் பின்தொடருங்க

இந்தப் படியிலதான் நேரம் செலவழிக்கணும். கட்டுரையோட நடுப்பகுதி முழுக்க இங்கிருந்துதான் வரும்.

என் தேர்வு பதக்கம். டாக்டர் கேபிள் டேலி கழுத்துல மாட்டிவிடற இதய வடிவப் பதக்கம், பாக்க நகை, உண்மையில இருப்பிடத்தைக் காட்டிக்குடுக்கற கருவி. டேலியோட கண்ணை அடையாளம் வச்சு இயங்குது, அவ அதைப் பாத்தாதான் சிக்னல் போகும். நல்லா யோசிச்சுப் பாருங்க, அதை வேற யாராலயும் இயக்க முடியாது, அந்தத் துரோகத்தைச் செய்ய அவளால மட்டும்தான் முடியும். கழுத்துல தொங்கறவரைக்கும் அவ ரெண்டு ஆளு: ஸ்மோக்ல வேலை செஞ்சு சாப்பிட்டு டேவிட் குடுத்த கையுறையைப் போட்டுக்கிட்டு சந்தோஷமா இருக்கற டேலி ஒருத்தி, இன்னும் வேலையை முடிக்காத ஒற்றர் இன்னொருத்தி.

பதக்கம் வர்ற ஒவ்வொரு இடத்தையும் வரிசையா எழுதுங்க. மாட்டிவிடற இடம், மத்தவங்க கண்ணுல படற இடம், கேட்டா டேலி சமாளிக்கற இடம், இயக்கலாமான்னு யோசிச்சு நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடற இடம், கடைசியா நெருப்பு.

அந்த நெருப்புக் காட்சியை மெதுவாப் படிங்க. டேவிட்டோட அப்பா அம்மா ஆஸ், மேடி ரெண்டு பேரும் முன்னாடி ஆபரேஷன் பண்ற பக்கத்துல இருந்த டாக்டருங்க. அவங்க சொல்லித்தான் ஆபரேஷன்ல முகத்தோட சேத்து மூளையிலயும் புண்ணு உண்டாக்கறாங்கன்னு டேலிக்குத் தெரியவருது. டேவிட் அவகிட்ட நீ அழகா இருக்கன்னு சொல்றான், அவளால நம்பவே முடியல. அன்னைக்கு ராத்திரிதான் இங்கயே இருந்துடறதுன்னு முடிவு பண்ணி பதக்கத்தை நெருப்புல போடறா. யாரும் சொல்லாம, யாரும் மிரட்டாம, அவளா எடுத்த முதல் பெரிய முடிவு அது. அந்தச் சூட்டுல கருவி சேதமாகறதுதான் சிக்னலைக் கிளப்புது, ஸ்பெஷல்ஸ் வந்து ஸ்மோக்கை அழிச்சுடறாங்க.

இங்க நிறைய பேர் "விதி"ன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. விதியே இல்ல. பதக்கத்தை நெருப்புல போட்டது சரி, ஆனா அது என்னன்னு டேவிட்கிட்ட சொல்லிட்டுப் போட்டிருந்தா ஆளுங்களுக்குத் தப்பிக்க நேரமாவது கிடைச்சிருக்கும். பழைய ஆளை யாருக்கும் தெரியாம எரிச்சுட்டு புது ஆளா எழுந்துக்கலாம்னு நினைக்கறா, நாவல் அதை அனுமதிக்க மறுக்குது. அடையாளம் மாறணும்னா மாத்தினது யார், முன்னாடி என்னவா இருந்தோம்னு இன்னொருத்தர் முன்னாடி சொல்லியாகணும். டேலி அதைச் சொல்லாம தள்ளிப்போட்டதுக்கு ஆஸோட உயிரும் ஷேயோட மூளையும் விலையாப் போகுது. கடைசியில அவ தன்னையே ஆபரேஷனுக்குக் குடுக்கறதை தியாகம்னு மட்டும் எழுதாதீங்க, சொல்லாம விட்டதுக்கு அவ கட்டற கடன் அது.

இப்போ ஒரு பத்தியை எப்படி எழுதணும்னு காட்டறேன். பலவீனமான வாக்கியம் இப்படி இருக்கும்: "டேலி பதக்கத்தை எரிப்பதன் மூலம் தன் உண்மையான அடையாளத்தை அடைகிறாள்." உண்மையான அடையாளம்னா என்ன, அதுக்கு என்ன ஆதாரம்னு யாராவது கேட்டா பதில் இருக்காது. அதையே மாத்தினா: "டேலி பதக்கத்தை எரிப்பது அவளது முதல் சுயமுடிவு, ஆனால் அதை ரகசியமாகச் செய்வதால், எந்தப் பொய்யிலிருந்து விடுபட நினைக்கிறாளோ அந்தப் பொய்யே அந்தச் செயலிலும் தொடர்கிறது." இதுக்கு எதிர்க்கேள்வி வந்தா பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

பதக்கம் வேண்டாம்னா வெள்ளை ஆர்க்கிட் பூவை எடுக்கலாம், காட்டுல வேற செடி எதையும் வளர விடாம பரவி, கடைசியில தன் மகரந்தத்துக்குத் தேவையான பறவைக்கே கூடு கட்ட இடமில்லாம பண்ணி தானும் அழியற பூ. ஒரே மாதிரி அழகு ஊர் பூரா பரவினா என்ன ஆகும்ங்கறதுக்கு நல்ல இடம். ஆனா அது சமூகத்தைப் பத்திப் பேசற அளவுக்கு பாத்திரத்தைப் பத்திப் பேசாது, அதனால அதை மட்டும் நம்பி முழுக் கட்டுரையும் எழுதாதீங்க.

## 7. ஷேவையும் டேவிட்டையும் டேலியோட நிழலா ஆக்காதீங்க

ஷேவுக்கு தனியா ஒரு பட்டியல் போடுங்க. தனிப் பக்கம், அதே நாலு கட்டம்.

ரெண்டு பேருக்கும் ஒரே பிறந்தநாள், ரெண்டு பேரும் ஒரே நாள்ல மாற வேண்டியவங்க. விடுதிச் சுவர்த்திரையில முகத்தை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியையே கண்ணாடி மாதிரி இரட்டிப்பாக்கி வருங்கால முகம் செஞ்சு பாக்கற மார்ஃபோ விளையாட்டு வரும் இல்ல, அதுல டேலிக்கு சுவாரசியம், ஷேவுக்கு எரிச்சல். அந்தக் கட்டத்துல ஷேவுக்கு தான் யாருன்னு தெரிஞ்சிருக்கு, டேலிக்குத் தெரியல. நாவல் முடியும்போது அப்படியே தலைகீழ். ஆபரேஷனை மறுத்து ஓடின ஷே பிடிபட்டு அழகியாக்கப்பட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கறா, மேடி கண்டுபிடிச்ச மருந்தை வேண்டாம்னும் சொல்லிடறா.

அந்த "வேண்டாம்" பத்தி ஒரு முழுப் பத்தி எழுதுங்க. பழைய ஷே கேட்டா சரின்னு சொல்லியிருப்பா, புது ஷே வேண்டாங்கறா, எந்த ஷேயோட சம்மதம் செல்லும்? மேடி சம்மதம் இல்லாம மருந்து குடுக்க மாட்டேன்னு நிக்கறாங்க, சம்மதம் இல்லாம மூளையை மாத்தினா கேபிளுக்கும் தனக்கும் வித்தியாசமே இருக்காதுன்னு. அதனாலதான் மூளை மாறறதுக்கு முன்னாடியே சம்மதம் சொல்ல ஒரு ஆள் தேவைப்படுது, டேலி அங்கதான் முன்னாடி வர்றா. இதை எழுதாம நாவலோட முடிவைப் பத்தி எழுதவே முடியாது.

டேவிட்கிட்ட வேற மாதிரி பொறி இருக்கு. காட்டுலயே பொறந்து வளந்தவன், நகரத்தோட அழகு அளவுகோலே தெரியாதவன், அதனால "இயற்கையான உண்மை மனிதன் = டேவிட், போலி = நகரம்"னு சமன்பாடு போட்டுடறாங்க. அவனும் ஒரு வளர்ப்போட விளைவுதான், அவனோட பார்வையை உருவாக்கினது அவனோட அப்பா அம்மா. இன்னொண்ணையும் சேத்து யோசிங்க: ஆஸும் மேடியும் கண்டுபிடிச்சது என்னன்னா, சில குறிப்பிட்ட வேலைகள்ல இருக்கற அழகிகள், அழகர்களுக்கு அந்த மூளைப்புண்ணு இல்ல. அதாவது அழகான முகம் யாரையும் மந்தமாக்கல, புண்ணுதான் ஆக்குது. "அழகு கெட்டது, அசிங்கம் நல்லது"ன்னு முடிக்கற கட்டுரை இந்த ஒரு தகவல்லயே அடிபட்டுப் போயிடும்.

## 8. மூணு புத்தகமும் எடுத்தவங்களுக்கு மட்டும்: மாத்திரையும் அதுக்கப்புறமும்

ஒரே புத்தகம் எழுதறவங்க அடுத்த படிக்குப் போயிடலாம்.

ப்ரிட்டீஸ்ல டேலிக்கு அவளே முன்னாடி எழுதி வச்ச கடிதமும் ரெண்டு மாத்திரையும் கிடைக்குது. பயத்துல அவளும் அவளோட புது காதலன் ஸேனும் ஆளுக்கு ஒண்ணாப் போட்டுக்கறாங்க. ரெண்டு பேருக்கும் தலை தெளியுது. அப்புறம்தான் தெரியுது, ஒரு மாத்திரை புண்ணை அழிக்கற நானோ (கண்ணுக்குத் தெரியாத குட்டி இயந்திரங்கள்), இன்னொண்ணு அந்த நானோவை நிறுத்தறது. ஸேன் போட்டது முதலாவது, நிறுத்த ஆள் இல்லாம அது அவன் மூளையையே அரிச்சிடுது. டேலி போட்டதுல அவளுக்குத் தேவையான மருந்தே இல்ல. அவ தானாத்தான் தெளிஞ்சிருக்கா.

முதல் பாகத்தை வச்சு "தொழில்நுட்பம்தான் ஆளை மாத்துது"ன்னு எழுதியிருந்தா இங்க அது உடைஞ்சிடும்னு முன்னாடி சொன்னேனே, இதுதான் காரணம். அதே சமயம் "மன உறுதி இருந்தா போதும்"னு எதிர்ப்பக்கம் சாயாதீங்க, ஸ்பெஷல்ஸ்ல டேலியையே ஒரு ஸ்பெஷலா மாத்தின அப்புறம் ஸேனோட கை நடுங்கறதைப் பாக்கவே டேலிக்கு அருவருப்பா இருக்கு, காதலிச்ச பையனைப் பாக்க விடாம அவளோட புது மூளை தடுக்குது. அங்க மன உறுதி சுலபமா ஜெயிக்கல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீங்க.

கடைசியில உடம்பைப் பழையபடி மாத்திடறோம்ங்கும்போது டேலி மறுத்துடறா. இத்தனை தடவை அடுத்தவங்க கைபட்ட உடம்பு, இனிமே யாரும் தொடக்கூடாதுங்கறது அவளோட நிலை. ஸ்பெஷல் உடம்போடயே காட்டுக்குப் போறா. "பழைய டேலி திரும்பி வந்தா"ன்னு எழுதினவங்க இந்த இடத்தை மறுபடி படிக்கணும்.

## 9. இப்போதான் தியரி

தியரியை முதல்ல எடுத்தா அதுக்கு ஏத்த காட்சியா தேடிப் பொறுக்குவீங்க, பொருந்தாத காட்சியெல்லாம் கண்ணுலயே படாது. அதனாலதான் இவ்ளோ நேரம் தள்ளி வச்சோம்.

எல்லாரும் எடுக்கறது உளவியலாளர் எரிக் எரிக்சன். பதின்பருவத்துல "நான் யார்"ங்கற குழப்பம் வரும்னு அவர் சொன்னதை மட்டும் மேற்கோள் காட்டிட்டு நிறுத்திடறாங்க, அதுல பிரயோஜனம் கம்மி. அவர் சொன்ன இன்னொரு விஷயம் இந்த நாவலுக்கு ரொம்பப் பொருந்தும்: இளைஞர்கள் பெரியவங்களோட பொறுப்பை ஏத்துக்கறதுக்கு முன்னாடி வெவ்வேறு வேஷத்தைப் போட்டுப் பாக்க சமூகம் ஒரு இடைவெளி குடுக்குதுங்கறது. டேலியோட நகரம் அந்த இடைவெளியை 16 வயசுல கத்தியால வெட்டிடுது, வெட்டிட்டு முடிவே இல்லாத பார்ட்டியைக் குடுக்குது. அது பாக்க இடைவெளி மாதிரியே இருக்கும், ஆனா தேடறதுக்கான மூளைதான் இருக்காது. உண்மையான இடைவெளி ஸ்மோக்லதான் கிடைக்குது.

இன்னொரு உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966ல இதையே நாலு நிலையாப் பிரிச்சார். அதுல ஒண்ணு, எதையும் தேடிப் பாக்காமயே அடுத்தவங்க குடுத்த அடையாளத்தை அப்படியே ஏத்துக்கற நிலை. பெரிஸைப் பத்தி எழுத அது ஒண்ணு போதும். நாலு நிலைக்கும் நாலு பாத்திரம் தேடிக் கட்டம் நிரப்பாதீங்க, நாவல் அதுக்காக எழுதப்படல.

ஒரு கட்டுரைக்கு ஒரு தியரி. அதிகபட்சம் ஒண்ணரை.

## 10. எழுதற வரிசை

நடுவுல இருந்து ஆரம்பிங்க. 6ஆவது படியில எடுத்த பொருளைப் பத்தின பத்திகளை முதல்ல எழுதுங்க, அதுக்குத்தான் உங்ககிட்ட ஆதாரம் கெட்டியா இருக்கு. அப்புறம் ஷே, அப்புறம் வர்ணனையும் பேரும், அதுக்கப்புறம் தியரி. முன்னுரை எல்லாத்துக்கும் கடைசி, ஏன்னா என்ன சொல்லப்போறோம்னு எழுதி முடிச்ச அப்புறம்தான் நமக்கே தெரியும்.

மைய வாக்கியத்துல "அடையாளம்"ங்கற வார்த்தை இல்லாம ஒரு தடவை எழுதிப் பாருங்க. அந்த வார்த்தையை எடுத்துட்டா வாக்கியத்துல ஒண்ணுமே மிஞ்சலன்னா உங்ககிட்ட இன்னும் வாதம் இல்ல, மறுபடி நோட்டைத் திறங்க. என்னோடது கிட்டத்தட்ட இப்படி வரும்: டேலியை மாத்தறது கத்தி இல்ல, அவ காப்பாத்தின வாக்கும் சொல்லாம விட்ட உண்மையும்தான், அதனாலதான் ஆபரேஷன் நடக்கறதுக்கு முன்னாடியே நாவல் முடியுது. உங்களோடது வேறயா இருக்கணும், இருந்தா நல்லது.

கதைச்சுருக்கம் மொத்தம் ஒரு பத்தியைத் தாண்டக்கூடாது. மேற்கோள் ஒரு வரி, ரெண்டு வரி போதும், ஒவ்வொரு மேற்கோளுக்கு அடியிலயும் அதைவிட நீளமா உங்க விளக்கம் இருக்கணும். விளக்கம் எழுத வரலன்னா அந்த மேற்கோள் அங்க தேவையில்லாதது, எடுத்துடுங்க.

## 11. குடுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

நாவலைப் படிக்காத ஒருத்தர்கிட்டயும் படிச்ச ஒருத்தர்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. படிக்காதவருக்கு கதை புரியாம எங்க நிக்கறார்னு பாருங்க, அங்க ஒரு வரி சேருங்க. படிச்சவர் எங்க "இது எனக்குத் தெரியுமே"ன்னு பக்கத்தைத் தள்ளறார்னு பாருங்க, அங்க வெட்டுங்க.

"உண்மையான நான்", "தன்னைக் கண்டடைதல்", "அடையாளச் சிக்கல்" மூணும் எத்தனை இடத்துல வந்திருக்குன்னு தேடுங்க. வர்ற ஒவ்வொரு இடத்துலயும் அதை அடிச்சுட்டு, அந்தக் காட்சியில அந்தப் பாத்திரம் என்ன செஞ்சதுன்னு எழுதுங்க. வைவாவுல கேள்வி வர்றது பெரும்பாலும் அந்த மூணு சொல்லு மேலதான் இருக்கும், அதனால நாலு கட்டம் போட்ட நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.